அரைக் கேப்ஸ்யூலைத் தேடி பெரார்கஞ்சுக்கு

போன வாரம் இந்த வலைப்பூவில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "டீச்சர், குழந்தையோடு அந்தமான் போகிறோம். அவசரத்துக்கு எந்த ஆன்டிபயாடிக் வாங்கி வைத்துக்கொள்ளலாம்?" இரண்டு வரியில் பதில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரு முழுப் பயணம். எழுபதுகளின் நடுவில், ஒரு ஏப்ரல் கடைசியில் போனது. விமானம், விடுதி விவரங்களுக்காக வந்தவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம். நேரம் இருப்பவர்கள் என்னோடு கப்பலில் ஏறுங்கள்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தூத்துக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. திருமணம் ஆகவில்லை. என் தங்கை அமலி, போர்ட் பிளேரில் படகு கட்டும் தச்சரான சேவியரைக் கட்டிக்கொண்டு மின்னி பேயில் குடியிருந்தாள். முதல் பிரசவம். அம்மா இல்லை, மாமியாரும் இல்லை. அதனால் பள்ளி கோடை விடுமுறைக்கு மூடிய மறுநாளே நான் கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முன் அமலியின் கடிதம் வந்தது. "யக்கா, வரும்போது கேப்ஸ்யூல் கொண்டு வா. கப்பல்ல இருந்து வெறுங்கையோட இறங்குனா இங்க ஒருத்தரும் முகங்கொடுத்துப் பேச மாட்டாவ."

இதை விளக்க வேண்டும். அந்த நாளில் தீவுக்கு வருவதெல்லாம் கப்பலில்தான் வரும். அடுத்த கப்பல் பத்து நாளா, இருபது நாளா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் மெயின்லேண்டிலிருந்து வருகிறவர் மருந்து கொண்டு வர வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்கு 'தவாய் டப்பா' என்று பெயர். தவாய் என்றால் இந்தியில் மருந்து. யாருக்காவது காய்ச்சல் வந்தால் டப்பாவிலிருந்து இரண்டு கேப்ஸ்யூல் போடுவார்கள். மறுநாள் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாக டப்பாவில் போட்டு வைப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் சர்க்கரை கொடுப்பதுபோல் எடுத்துக் கொடுப்பார்கள். சிக்கனமும் அன்பும் சேர்ந்த பழக்கம் அது. அதில் தப்பு இருக்கும் என்று அறிவியல் படித்த எனக்கே தோன்றவில்லை. முந்தைய வருடம் எனக்கு வந்த காய்ச்சலில் மிஞ்சிய டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல்கள் வீட்டில் இருந்தன. தெரிந்த மருந்துக் கடையில் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரு பவுடர் டின்னில் போட்டு, மூடியின் மேல் துணி சுற்றித் தைத்தேன்.

தூத்துக்குடியிலிருந்து மதராசுக்கு ஒரு ராத்திரி ரயில். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கப்பல். டிக்கெட் வகுப்புக்கு 'பங்க்' என்று பெயர். அடித்தளத்தில் இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள். கட்டணம் என் மாதச் சம்பளத்தில் கால்வாசி. கடல் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். ஏப்ரலில் தண்ணீர் தட்டுப்போல அசையாமல் கிடக்கும் என்றார்கள், அது உண்மை. ஆனால் அடித்தளத்து வெக்கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பகலெல்லாம் மேல்தளத்தில் நிழல் நகர நகர நானும் நகர்ந்துகொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த பொதுப்பணித் துறைக்காரர் ஒருவருக்கு வயிறு கெட்டது. துணியைப் பிரித்து இரண்டு கேப்ஸ்யூல் கொடுத்தேன். மாலையில் சரியாகிவிட்டது. "டீச்சரம்மா கைராசிக்காரி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாதி வயிற்றுப்போக்கு தானாகவே நின்றுவிடும் என்பது பாடப் புத்தகத்திலேயே உண்டு. ஆனால் பாராட்டு காதில் விழும்போது பாடம் எங்கே ஞாபகம் வருகிறது?

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குத் துறையில் இறங்கினேன். சேவியர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மைனி, நீங்க லேட். உங்க மவ ஞாயித்துக்கிழமையே வந்திட்டா. அவளுக்கு ஜஹாஜும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம்." கப்பலுக்கு அங்கே ஜஹாஜ் என்று பெயர்.

"பொண்ணா? அமலி நல்லா இருக்காளா?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. புரோத்ராபூர் பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அங்க இருக்காவ. சரி, தவாய் கொண்டு வந்தியளா?"

நான் டின்னைக் காட்டினேன். ஜீப்பில் எங்களோடு ஏறியிருந்த தெலுங்குக்காரர் ஒருவர் உடனே இந்தியில் என்னவோ சொன்னார். சேவியர் சிரித்தார். "அவுகளுக்கும் ரெண்டு வேணுமாம். காய்ச்சல் இல்ல. வந்தா வச்சுக்கிடலாம்னு."

மின்னி பேயிலிருந்து அந்த ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர் இருக்கும். அதன் பெயர் வேண்டாம்; இன்று அந்தக் கட்டடமும் இல்லை. தகரக் கூரை, பச்சைப் பெயின்ட் அடித்த ஜன்னல்கள், எட்டுக் கட்டில்கள். பிரசவித்த பெண்களும் நோய்ப்பட்ட குழந்தைகளும் ஒரே அறையில். டாக்டர் ஒருவர்தான்: சாராம்மா. கோட்டயத்துக்காரர், மதராசில் படித்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தமிழ் நன்றாகப் பேசுவார். களைத்திருக்கும்போது மட்டும் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

அமலி என்னைப் பார்த்ததும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டின் எங்க?" என்றாள்.

"பிள்ளையப் பார்க்க விடுட்டி முதல்ல."

"பிள்ள எங்கயும் ஓடிப் போயிர மாட்டா. அந்தா பாரு, அந்த மாலதிக்குக் குடு. பாவம், மூணு நாளா அழுதுக்கிட்டு இருக்கா."

பக்கத்துக் கட்டிலில் மாலதி. கிழக்கு வங்காளத்திலிருந்து சிறுமியாக வந்து குடியேறியவள். பெரார்கஞ்சில் நெல் வயல். மடியில் எட்டு மாதக் குழந்தை புதுல். சீதபேதி. கண்கள் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராத நிலை. டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை என்று அமலி இந்தியில் மாலதியிடம் கேட்டு எனக்குச் சொன்னாள். சரளமான இந்தி. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சொல் தெரியாது. "எப்படிட்டி படிச்ச?" என்றேன். "யாரு படிச்சா? தண்ணிக் குழாய்ல நின்னா தானா வரும்" என்றாள்.

நான் இரண்டு கேப்ஸ்யூலை எடுத்து மாலதியிடம் கொடுத்தேன். ஒன்றைப் பிரித்து, பாதிப் பொடியைத் தேனில் குழைத்துப் புதுலின் நாக்கில் நானே தடவினேன். வேளைக்குப் பாதி என்று சைகையில் சொல்லிக் கொடுத்தேன். குழந்தையின் ஈரத் துணியை மாற்ற ஒரு கை கொடுத்தேன். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அமலியின் மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன்.

இதை எழுதும்போது என் விரல்கள் இன்னும் தயங்குகின்றன. ஆனால் நடந்தது இதுதான்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் சாராம்மா சுற்றி வந்தபோது, மாலதியின் தலையணை ஓரத்தில் கேப்ஸ்யூலின் காலி ஓடு ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்தார்.

"இது யாரு கொடுத்தது?"

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. "நான்தான் டாக்டர்."

"டீச்சர்னு சொன்னாங்க. என்ன டீச்சர்?"

"உயிரியல்."

அவர் ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கட்டில்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகு என்னைத் தன் மேசைக்கு அழைத்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தார். உள்ளே நான்கு புள்ளிகள்.

"இது கிருமி வளர்க்கிற தட்டு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மருந்து தோய்ச்ச காகிதத் துண்டு. மருந்து கேட்டுச்சுன்னா, துண்டைச் சுத்தி கிருமி வளராம ஒரு வெற்று வளையம் தெரியும். போன மாசம் இதே ஊர்ப் பேதிக் கிருமிக்கு நாலு வளையமும் வந்தது. புதுலோட கிருமிக்கு நேத்து ரிசல்ட் வந்திருக்கு." நான்கு புள்ளிகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் வளையம் போட்டார். "நீங்க கொடுத்தது, நான் கொடுத்தது, இன்னொண்ணு. மூணும் கேக்காது."

"ஒரே மாதத்தில் மூன்றுமா?" என்றேன். "தற்செயலாக ஒரு கிருமி ஒரு மருந்துக்குத் தப்பும். அதன் வம்சம் பெருகும். வகுப்பில் நான் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்று மருந்துக்கும் ஒரே நேரத்தில் எப்படி?"

"வம்சத்துல வரல டீச்சரே. பக்கத்துல இருந்தவன் கொடுத்தது."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். ஜப்பானில் பேதிக் கிருமியில் இதைக் கண்டுபிடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பள்ளிப் புத்தகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை. அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, என் மாணவிகளுக்குச் சொன்ன உதாரணத்திலேயே சொல்கிறேன்.

ஒரு வகுப்பில் கணக்கு, அறிவியல், வரலாறு மூன்றுக்கும் விடை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு ஒருத்தியிடம் இருக்கிறது. அவள் அதைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்டுகிறாள். பக்கத்துக்காரி பார்த்து எழுதிக்கொள்கிறாள். இப்போது இருவரிடமும் சீட்டு இருக்கிறது. கொடுத்தவளுக்கு ஒன்றும் குறையவில்லை. ஒரே சீட்டில் மூன்று பாட விடையும் இருப்பதால், ஒரு தடவை பார்த்து எழுதினாலே மூன்றும் வந்துவிடுகிறது. கிருமிக்குள் அந்தச் சீட்டு ஒரு சிறிய வளையமான மரபுப் பொருள். பிளாஸ்மிட் என்பார்கள். இரண்டு கிருமிகள் நெருங்கி, நடுவே ஒரு மெல்லிய பாலம் போட்டு, அதன் நகலைக் கைமாற்றிக்கொள்கின்றன. இருவரும் ஒரே குலமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம் குடலில் யாருக்கும் தொந்தரவு செய்யாமல் வாழும் சாதுவான கிருமி, வழிப்போக்கனாக வந்த பேதிக் கிருமிக்குக் கொடுத்துவிடலாம். அம்மா கற்றுத் தராத இந்தியை அமலி தண்ணீர்க் குழாயில் வங்காளியிடமும் தெலுங்கரிடமும் வாங்கிக்கொண்டாளே, அப்படி.

கேப்ஸ்யூலுக்கு இதில் என்ன வேலை? கேப்ஸ்யூல் சீட்டை எழுதித் தருவதில்லை. சீட்டு இல்லாதவர்களையெல்லாம் வகுப்பை விட்டு அனுப்பிவிடுகிறது. மிஞ்சுவது சீட்டு வைத்திருப்பவர்கள்தான். காலி பெஞ்சுகளில் அவர்களே பெருகி உட்காருவார்கள். இரண்டு நாள் போடு, நிறுத்து, மறுபடி இரண்டு நாள் போடு என்று வீட்டுக்கு வீடு நாங்கள் செய்துகொண்டிருந்தது இந்த வேலையைத்தான். ஆஸ்பத்திரியில் இது இன்னும் வேகம். அங்கே கிருமிகளும் பல, மருந்துகளும் பல, ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகும் கைகளும் பல.

"அப்போ என்னால்தான்..." என்றேன்.

"உங்க ஒரு டின்னாலன்னு சொல்ல முடியாது. புதுலுக்கு நீங்க வர்றதுக்கு முன்னாலயே இந்தக் கிருமிதான். எந்த வீட்டு டப்பாவில தொடங்கிச்சுன்னு எனக்கும் தெரியாது. என் அலமாரியிலயும் தொடங்கியிருக்கலாம்." அவர் சீட்டை மடித்தார். "ஆனா, கைக்குழந்தைக்கு மருந்து கொடுத்துட்டு எங்கிட்ட சொல்லாம இருந்தது தப்பு. அது வேற கணக்கு."

பிறகு எழுந்து மாலதியிடம் போனார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, ஒரு எவர்சில்வர் ஸ்பூனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை புகட்டச் சொன்னார். பால் நிறுத்தக் கூடாது. மருந்து எதுவும் வேண்டாம். ரத்தம் அதிகமானால் மிச்சமுள்ள அந்த ஒன்றைப் பார்க்கலாம். வாசலில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த பேசின் வந்தது. தொட்டால் கழுவு, தொடும் முன்னும் கழுவு.

மதியம் மாலதியின் கணவர் வந்தார். மருந்து இல்லை, தண்ணீர் மட்டும் என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர்தான் என்றால் பெரார்கஞ்சிலேயே கிணறு இருக்கிறது என்று சொல்லி, டாக்டர் தடுக்கத் தடுக்க மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டர் பின்னாலேயே வாசல்வரை ஓடி, அந்த ஸ்பூனை மாலதியின் கையில் வைத்து அழுத்தினார். அவள் இடுப்பு முடிச்சில் என் கேப்ஸ்யூலின் மிச்சமும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அமலியின் குழந்தைக்குப் பேதி தொடங்கியது.

பிறந்து ஏழு நாள். என் உள்ளங்கையில் அடங்கும் முதுகு. எந்தக் கை அதைக் கொண்டு வந்தது என்று அமலி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சேவியர்தான் டின்னை எடுத்து வந்து கட்டிலில் வைத்தார்.

"மைனி, ஒரு சிட்டிகை குடுத்துப் பாப்போமா? சும்மா இருக்கதுக்கு..."

அவர் குரலில் இருந்த கெஞ்சல் எனக்குப் புரிந்தது. கையில் ஏதோ இருக்கிறது, கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது என்றால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கே கை போனது. டின்னைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

காலில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார்கள். அமலி பால் கொடுத்தாள். இடையிடையே நான் ஸ்பூன். கால் ஸ்பூன், விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்ப்பது, மறுபடி கால் ஸ்பூன். சேவியர் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் பேசினில் கை. இரண்டாம் நாள் என் விரல்கள் வெளுத்துத் தோல் உரிந்தன. "மைனி கையப் பாருங்க, வண்ணாத்தி தோத்தா" என்றார் சேவியர். அன்றுதான் அமலி முதல் தடவையாகச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, நான் துறையில் இறங்கிச் சரியாக ஒரு வாரம் ஆனபோது, குழந்தை கண்ணீரோடு அழுதது. கன்னத்தில் ஒரு சொட்டு. டாக்டர் சாராம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்து, "மதி, இது மதி" என்றார். மலையாளத்தில், போதும் என்று அர்த்தம்.

ஸ்டெல்லா என்று பெயர் வைத்தோம்.

எனக்கு நிம்மதி முழுதாக வரவில்லை. ஸ்பூன் பிடித்த ஒவ்வொரு தடவையும் புதுலின் குழி விழுந்த கண்கள் நினைவுக்கு வந்தன. அமலி வீடு திரும்பிய மறுநாள், சேவியரைக் கூட்டிக்கொண்டு பெரார்கஞ்சுக்குக் கிளம்பினேன்.

காலை ஆறு நாற்பதுக்குப் பஸ். இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் மேடும் பள்ளமும் வளைவுமாக ஒன்றரை மணி நேரம் எடுத்தது. வழியெல்லாம் பாக்கு மரங்களும் தென்னையும், திடீரென்று இரண்டு பக்கமும் காடு. பாதை அழகுதான். நான் எதையும் பார்க்கவில்லை. என்ன சொல்வது என்று மனத்துக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் டிரைவர் ராஞ்சிக்காரர். இறங்கும்போது சேவியர் மாலதியின் வீட்டை விசாரித்தார். டிரைவர் கையால் வயல் பக்கம் காட்டி, என்னவோ நீளமாகச் சொன்னார். சேவியரின் முகம் மாறியதுபோல் எனக்குத் தோன்றியது.

"என்ன சொல்லுதாரு?"

"ரெண்டு கிலோமீட்டர் நடக்கணுமாம் மைனி. அதுக்குத்தான் எனக்கு முகம் இப்படி."

அறுவடை முடிந்த வயலில் நெல்தாளின் அடிக்கட்டை காலைக் குத்தியது. வரப்பு ஓரத்தில் மூங்கில் வேலி போட்ட வீடு. முற்றத்தில் துணிகள் காய்ந்தன. நான் முதலில் தேடியது கொடியில் குழந்தைத் துணி இருக்கிறதா என்று. இருந்தது. நான்கு சிறிய துணிகள். நின்று மூச்சு விட்டேன்.

மாலதி வெளியே வந்தாள். இடுப்பில் புதுல். மெலிந்திருந்தது, தலை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் தாயின் வளையலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவ்வளவு அழகாக என்னை யாரும் அலட்சியம் செய்ததில்லை.

"ஆவோ தீதி, ஆவோ." வா அக்கா, வா என்று மாலதி பாயைப் போட்டாள். பிறகு வேகமாக இந்தியில் பேசினாள். சேவியர் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

"உங்க தவாய்தான் பிள்ளயக் காப்பாத்துச்சாம். டாக்டரம்மா வெறும் தண்ணியக் குடுத்தாவளாம். தெருவுல எல்லாருட்டயும் உங்களப் பத்திச் சொல்லியிருக்கா. இன்னும் இருக்கான்னு கேக்கா. இவ நாத்தனாருக்கு இருமலாம்."

மாலதி உள்ளே போய் ஒரு குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். திறந்து காட்டினாள். காகிதத்தில் மடித்த அரைக் கேப்ஸ்யூல். "அக்லே ஜஹாஜ் தக்" என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அடுத்த கப்பல்வரைக்கும்.

குற்றம் சொல்வார்கள் என்று தயாராகப் போனவளுக்கு நன்றி கிடைத்தால் என்ன செய்வாள்? பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்த நாத்தனாரின் இருமலை நினைத்தேன்.

"சேவியர், நான் சொல்றத அப்படியே சொல்லணும். குறைக்கக் கூடாது. என் மருந்து புதுலுக்கு வேலை செய்யல. டாக்டர் தட்டுல வச்சுப் பார்த்திருக்காங்க. அந்தக் கிருமிக்கு அது பழகிப்போன மருந்து. நான் கொடுத்தது தப்பு."

சேவியர் சொன்னார். மாலதி நம்பவில்லை. சிரித்தாள். நான் பணிவுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

"சரி, இத மட்டும் கேளுங்க. பிள்ளைக்கு எத்தனை நாள் அந்தத் தண்ணிய ஸ்பூன்ல கொடுத்தா?"

மாலதி விரலை மடித்தாள். மூன்று நாள். உட்கார்ந்தபடி, தூங்காமல். கணவர் திட்டினாராம், தண்ணீரால் என்ன ஆகும் என்று. வேறு ஒன்றும் இல்லையே, அதனால் கொடுத்தேன் என்றாள்.

"அதுதான் காப்பாத்துச்சு. உன் நாத்தனாருக்கு இத நீ கொடுத்தா, அவ வயித்துல இருக்கிற கிருமியில இந்த மருந்துக்குத் தப்பிக்கிற வித்தைய வச்சிருக்கிறது மட்டும் மிஞ்சும். நீ இந்தி எங்க படிச்ச?"

சேவியர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார். மாலதி உதட்டைப் பிதுக்கினாள். "இதர் ஹி. சப் கே சாத்." இங்கேதான், எல்லோரோடும் சேர்ந்து.

"அதே மாதிரிதான் கிருமியும். ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணு எடுத்துக்கும். நாளைக்குப் புதுலுக்கு நெசமாவே இந்த மருந்து தேவைப்படும்போது, கேக்காது."

மாலதி சிமிழை மூடினாள். புதுல் அதைப் பிடுங்க எட்டியது. அவள் கையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மருந்து என் கையிலயா இருந்துச்சுன்னு கேக்கா மைனி."

"ஆமான்னு சொல்லுங்க."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோற்றுப் பானையை ஒரு பக்கம் தூக்கி, காகிதத்தோடு அந்த அரைக் கேப்ஸ்யூலை நெருப்பில் போட்டாள். பானையை மறுபடி வைத்தாள். திரும்பி வரும்போது கையில் அந்த எவர்சில்வர் ஸ்பூன் இருந்தது. நன்றாகத் தேய்த்திருந்தாள். டாக்டரம்மாவிடம் கொடுத்துவிடச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சாமானை வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

நான் புதுலைத் தூக்கக் கேட்டேன். கேட்டுவிட்டு, முதலில் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினேன்.

டாக்டர் சாராம்மா ஸ்பூனை வாங்கிப் பார்த்துவிட்டு, அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "கைராசிக்காரி டீச்சருக்கு" என்றார். கப்பல் கதையை சேவியர் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. என் டின்னை அவர் கடைசிவரை திருப்பித் தரவில்லை. மின்னி பேயில் தவாய் டப்பாக்கள் உடனே ஒழிந்துவிடவில்லை. அமலியின் வீட்டில் மட்டும் அதில் முறுக்கு இருந்தது. மே கடைசியில் மழை தொடங்கும் முன் நான் திரும்பிவிட்டேன். அடுத்த ஜூனில், பரம்பரைப் பாடம் நடத்தும்போது, புத்தகத்தில் இல்லாத ஒரு வகுப்பைக் கூடுதலாக எடுத்தேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் எடுத்தேன்.

இனி, வாசகிக்குப் பதில்.

இப்போது சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். கப்பலும் உண்டு, மூன்று நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், புறப்படும் நேரத்தை முதல் நாளும் ஒருமுறை விசாரியுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல்வரை கடல் அமைதி. பெரார்கஞ்சுக்கு பஸ் இருக்கிறது. காலையில் போனால் வெயிலுக்கு முன் வயல்வெளி பார்க்கலாம், ஜன்னல் ஓரம் கேட்டு உட்காருங்கள். நான் அன்று பார்க்கத் தவறிய காட்டை நீங்கள் பாருங்கள். குழந்தைக்கு நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சோப்பு, கொதிக்க வைத்த தண்ணீர் எடுக்க ஒரு பிளாஸ்க். ஆன்டிபயாடிக் வேண்டாம். பேதியில் ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டாலோ, கண்ணீர் இல்லாமல் அழுதாலோ, காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். மிச்சம் வைக்காதீர்கள், யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால், இரண்டு கட்டில்களுக்கு நடுவே கை கழுவும் இடம் எங்கே என்று முதலில் பாருங்கள்.

அடுத்த மாதம் நானும் அங்கே போகிறேன். ஸ்டெல்லாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. என்ன கொண்டு வரட்டும் என்று நேற்று ஸ்டெல்லாவிடம் போனில் கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம் பெரியம்மா. வெறுங்கையோட வாங்க. வந்ததும் கையக் கழுவிட்டுப் பிள்ளயத் தூக்குங்க."

பெட்டியில் ஸ்பூனை மட்டும் வைத்திருக்கிறேன்.